பல் மாஸ்டருக்கு அப்பவே தெரியும்

அப்பவேதெரியும்காரர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு, எல்லாத் தெருவிலும் உண்டு, சில வீடுகளில் ஒன்றுக்கு மேலும் உண்டு. அந்த வீடுகளில் பேச்சு நடக்காது, தீர்ப்புதான் நடக்கும். நீங்கள் கால் தடுக்கி விழுந்தால் மற்றவர்கள் தூக்கிவிட ஓடிவருவார்கள். இவர் வரமாட்டார். நின்ற இடத்திலிருந்தே, "விழுவேன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்பார். தெரிந்திருந்தால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டுத்தான் பாருங்களேன். "சொன்னா நீ கேக்கமாட்டேன்னும் தெரியும்." வழக்கு முடிந்தது. நீங்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத் தேர்வு முடிவில், அடுத்த வீட்டுக் கல்யாணம் முறிந்துபோனதில், இந்த இனம் எங்கும் வளரும். ஆனால் கொழுத்து வளர்வது கொலைக்கதையில்தான். திரையில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து உங்கள் காதுக்குள் சூடாக ஒரு மூச்சு வரும்: "தோட்டக்காரன்தான்." தோட்டக்காரன் இன்னும் திரைக்கே வந்திருக்கமாட்டான். வருவான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், இரண்டாவது கொலையில் பாவம் அவனே செத்தும் போவான். அப்போதாவது இவர் வாயை மூடுவார் என்று நினைத்தால் நீங்கள் உலகம் தெரியாதவர். "பாத்தியா, சந்தேகம் வரக்கூடாதுன்னு செத்தமாதிரி நடிக்கிறான்." கடைசியில் கொலை செய்தது டாக்டர் என்று தெரிந்து, விளக்குப் போட்டு, எல்லாரும் எழுந்ததும், காலால் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்வார்: "டாக்டர்மேலயும் எனக்கு ஒரு கண்ணு இருந்துச்சு." இவருக்கு மொத்தம் எத்தனை கண் என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் சுவாரசியம் இருக்காது. நல்ல உருப்படியாக ஒன்றைப் பிடித்து மேசைமேல் வைத்துப் பார்ப்போம். பல் மாஸ்டர்.

ஒரு தொலைக்காட்சித் தொடரில் பல் ஒட்டுவது அவர் வேலை. ரத்தக்காட்டேரிகளின் கூட்டுக்குடும்பத்தைப் பற்றிய தொடர் அது. மாமியாருக்கு முந்நூறு வயது; சாகவே மாட்டாள்; மருமகள் என்னதான் செய்வாள்? இதுதான் கதை. ஆறு வருடமாக ஓடுகிறது. போன வருடம் மருமகளும் கடிபட்டுக் காட்டேரியாகிவிட்டதால் இனி முடியவும் வழியில்லை. அந்தக் குடும்பத்தில் யாரையாவது வேலையைவிட்டு நிறுத்த வேண்டுமென்றால் காட்சித்தாளில் 'ஜன்னல் திறக்கிறது' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். வெயில் பட்டதும் காட்டேரி சாம்பல். நடிகர் வீட்டுக்கு. அதனால் அங்கே காட்சித்தாள் கைக்கு வந்ததும் யாரும் தங்கள் வசனத்தைத் தேடுவதில்லை. ஜன்னலைத்தான் தேடுவார்கள்.

மேக்கப் அறையின் கோடியில் மாஸ்டரின் சுழல் நாற்காலி. மேலே பலகையில் ஒவ்வொருவர் பல்லும் ஒவ்வொரு டப்பாவில்: மாமியார், மருமகள், மூத்த மகன், ஊமைச் சித்தப்பா. காலையில் வரிசையாக வந்து உட்கார்ந்து தலையை அண்ணாந்து வாயைத் திறக்க வேண்டும். மாஸ்டர் பசையைத் தடவி, பொய்ப்பல்லைப் பொருத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பசை இறுகும்வரை பேசக்கூடாது, விழுங்கக்கூடாது, சிரிக்கவே கூடாது. அப்பவேதெரியும்காரர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வாய்க்குமா? எதிராளியின் வாய்க்குள் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வாதாடுகிற வசதி எந்த வக்கீலுக்கு உண்டு?

"லைட் போகும்னு நேத்தே எனக்குத் தெரியும்."

"உம்ம்."

"கதாநாயகன் சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போவாங்கன்னும் தெரியும்."

"உம்ம்."

'உம்ம்' என்றால் வலிக்கிறது என்று பொருள் இருக்கலாம். விரலை எடு என்று இருக்கலாம். மாஸ்டர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொள்வார். இப்படியாக, ஊரில் தான் சொல்வதை யாரும் மறுத்ததேயில்லை என்ற நம்பிக்கையோடு அவர் நாள்தோறும் வீடு திரும்புவார். அங்கே மனைவி இருந்தாள். அவள் வாயில் விரல் வைக்க முடியாது. "கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும்னு சொன்னாரு" என்பாள் வருகிறவர்களிடம். "என்ன தெரியும்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

இந்தத் தொடருக்கு வசனம் எழுதுகிறவளை எல்லாரும் ரைட்டரம்மா என்பார்கள். நாற்பதை நெருங்குகிறவள். மாமியார் மருமகளைத் திட்டும் வசனங்களில் பெயர் பெற்றவள். சொந்த மாமியார்கூட அவற்றில் சிலதை எடுத்து அவள்மேலேயே பயன்படுத்தியதுண்டு. அவளுக்கு ஒரே ஒரு குறை. ஆறு வருடத்தில் அவள் எழுதிய ஒரு வரியும் யாரையும் தூக்கிவாரிப் போட்டதில்லை. எப்படிப் போடும்? நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே முன்னோட்டம் என்று போட்டுவிடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது கதவுக்கு முன்னால் நிற்பவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அவள் நாவல் எழுதினாள். படப்பிடிப்பு இடைவேளைகளில், நான்கு வருடம். செட்டில் சமதளமாக இருந்தது கதாநாயகனின் சவப்பெட்டி ஒன்றுதான். அதன் மூடிமேல் தாளை வைத்து எழுதினாள். கொலைக்கதை. நடக்கும் இடம், இதே மாதிரி ஒரு காட்டேரித் தொடரின் படப்பிடிப்புத் தளம். தொடரின் கதாநாயகன் சாப்பாட்டு இடைவேளையில் சவப்பெட்டிக்குள் படுத்துத் தூங்குகிறவன். ஒருநாள் அதிலேயே விஷத்தால் செத்துக் கிடக்கிறான். யாரும் கவனிக்கவில்லை. அப்படியே மூன்று காட்சிகள் எடுத்துவிடுகிறார்கள். 'இன்னிக்குத்தான் இவன் நடிப்புல ஒரு முதிர்ச்சி தெரியுது' என்கிறார் நாவலில் வரும் டைரக்டர். கொலைகாரன் கேமராமேன். முந்நூறு பக்கம் அவனை நல்லவனாகவே வளர்த்து, கடைசிப் பக்கத்தில் முகமூடியைக் கழற்றியிருந்தாள். யாராவது ஒருவர், ஒரே ஒருமுறை, அந்தப் பக்கத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

சிறிய பதிப்பகம் ஒன்று வெளியிடச் சம்மதித்திருந்தது. பதிப்பாளர் ஒரு நிபந்தனை போட்டார்.

"முடிவு வெளியில கசியக்கூடாதும்மா. போன தடவை ஒரு துப்பறியும் நாவல் போட்டேன். வெளியீட்டு விழாவுல வாழ்த்திப் பேச வந்தவரு கொலைகாரன் பேரைச் சொல்லி, அவன் மனப்போக்கை அலசிட்டு, கைதட்டல் வாங்கிட்டு உக்காந்துட்டாரு. அப்புறம் எவன் வாங்குவான்?"

"என் செட்டுல யாரும் படிக்கிறவங்க இல்ல சார்" என்றாள் ரைட்டரம்மா. அது உண்மைதான். படிக்காமலே சொல்கிறவர் ஒருவர் இருந்தார்.

நாவலின் நகல் ஒன்றை மாமியாராக நடிப்பவரிடம் கொடுத்திருந்தாள். அவர் நிதானமாகப் படிக்கிற மனுஷி. பல் ஒட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது தாள்கட்டை மடியில் வைத்தார். மாஸ்டர் வலது கட்டைவிரலால் பல்லை அழுத்திக்கொண்டு இடது கையால் பக்கங்களைப் புரட்டினார். பசை இறுகுவதற்குள் முதல் அத்தியாயம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து ரைட்டரம்மா உள்ளே வந்தாள்.

"கேமராமேன்" என்றார் மாஸ்டர்.

ரைட்டரம்மா கதவைச் சாத்திவிட்டு அருகே வந்தாள்.

"எப்படி மாஸ்டர் சொல்றீங்க?"

"முதல் பக்கத்துலயே வர்றவங்க எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்றான் பாரு. எந்த செட்டுலம்மா கேமராமேன் குட் மார்னிங் சொல்றான்?"

"இன்னும் எவ்வளவோ பக்கம் இருக்கே. முழுசாப் படிச்சிட்டுச் சொல்லுங்க."

"முழுசாப் படிச்சிட்டு யார் வேணாலும் சொல்லிடலாமே. அதுக்கு நான் எதுக்கு?"

மாமியார் நடிகையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தன் கூர்மையைக் கண்டு உருகிவிட்டார் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். விரலை எடுத்ததும் அந்த அம்மாள் வாய் திறந்தார். "பாவி மனுஷா, நான் இன்னும் பொணத்தையே பாக்கல!"

அன்று சாப்பாட்டு இடைவேளையில் ரைட்டரம்மா சாப்பிடவில்லை. சவப்பெட்டிமேல் உட்கார்ந்து கேமராமேனை நிரபராதியாக்கினாள். நாவலில் ஒருவனை நிரபராதியாக்குவது லேசான காரியமில்லை. அவன் மறைத்துவைத்த பொருள்களையெல்லாம் வேறொருவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும் மருமகளாக நடிக்கும் பெண்ணின் அலமாரிக்கு மாற்றி, கை வலிக்க எழுதி முடித்து, அடுத்த நாள் காலை மேக்கப் அறைப் பக்கம் போனால், உள்ளேயிருந்து மாஸ்டரின் குரல் ஊமைச் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது: "கேமராமேன்னு நேத்து சும்மா சொல்லிவெச்சேன். மருமக பொண்ணுதான்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. காலையில் ஐந்து பேருக்குப் பல் ஒட்டினால் ஐந்து கொலைகாரர்கள் என்பது மாஸ்டரின் கணக்கு. ஒவ்வொரு வாயிடமும் ஒவ்வொரு பெயரைச் சொல்வார். யாரிடம் யாரைச் சொன்னோம் என்பது அவருக்கே நினைவிருக்காது. ஆனால் எந்தப் பெயர் சரியாக வந்தாலும் அதைக் காதால் கேட்ட சாட்சி ஒருவர் இருப்பார். பரிசுச்சீட்டு மொத்தத்தையும் வாங்கிவைத்துக்கொண்டு, விழுந்துவிட்டது என்று குதிக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் குதிப்பு பொய்யில்லை. பரிசு விழத்தானே செய்தது?

ஆனால் நான்கு வருடம் உழைத்தவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தோன்றுமா? தன் மூளைக்குள் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, மாஸ்டர் தினமும் எட்டிப் பார்க்கிறார் என்றே அவள் நம்பத் தொடங்கினாள். மருமகளை விடுவித்துத் துணி தைக்கிறவளை மாட்டினாள். மாஸ்டருக்குத் தெரிந்திருந்தது. அவளை விடுவித்து, கதாநாயகனுக்கு ஓர் இரட்டைச் சகோதரனை ஏற்பாடு செய்தாள். "ரெட்டைப் பிள்ளைன்னு பொணத்தைப் பாத்ததுமே தெரியும்" என்றார். செத்தவனே விஷம் குடித்துக்கொண்டான் என்று மாற்றிப் பார்த்தாள். "தற்கொலைன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. அவன் மூஞ்சியில ஏற்கெனவே ஒரு வாட்டம்." வெறிபிடித்துப்போய், செட்டில் வளர்கிற பூனைதான் விஷப் புட்டியைத் தட்டிவிட்டது என்று எழுதினாள்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பூனையா? அதுமேலயும் ஒரு கண்ணு இருந்துச்சு" என்றார்.

பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "கடைசி அத்தியாயம் எப்பம்மா தர்றீங்க? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். முடிவு யாருக்கும் தெரியாதில்ல?"

"எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் தெரியாது சார்" என்றாள். அதற்குமேல் பொய் சொல்ல வரவில்லை.

இந்த இடத்தில், வாசகரே, நீங்கள் ஓர் ஊகத்துக்கு வந்திருப்பீர்கள். மாஸ்டர் எல்லாரையும் சந்தேகிக்கிறார், தன்னை மட்டும் சந்தேகிக்கவில்லை. ஆகையால் அவரையே கொலைகாரர் ஆக்கிவிடுவாள் என்று. நல்ல ஊகம். ஆக்கினாள். நாவலில் ஒரு பல் மாஸ்டரைச் சேர்த்து, ஒட்டுகிற பசையில் விஷத்தைக் கலக்கவைத்து, கதாநாயகனைச் சாகடித்து, கடைசி அத்தியாயத்தை உண்மையான பல் மாஸ்டரின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் கதை அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தீர்களே, அதுதான் தப்பு.

"இதை மட்டும் படிங்க மாஸ்டர். என் கண்முன்னாலயே படிங்க."

அவர் படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. கடைசிப் பக்கம் வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை இன்னொருமுறை படித்தார்.

"ஏம்மா" என்றார். "நான்தான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் மாஸ்டர் சொல்லல?"

"என் பேரை நானே எப்படிச் சொல்றது? ஒரு அடக்கம் வேணாமா?"

மறுநாள் அடக்கம் போய்விட்டது. எட்டு மணிக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் புது மாப்பிள்ளையாக நடிக்கவந்த பையன். தொடரில் அவனுக்கு முதல் நாள். நாவல் என்ற ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. முதல் பல்லை ஒட்டி முடித்து, இரண்டாவது பல்லுக்குப் பசை தொட்டுக்கொண்டே மாஸ்டர் குனிந்து அவன் காதில் சொன்னார்: "கதாநாயகனைக் கொன்னது யார் தெரியுமா? நான்தான். இதே பசையிலதான் கலந்தேன். ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியலயே."

பையன் எழுந்து ஓடினான். மேக்கப் துணி கழுத்தில் பறக்க, ஒற்றைக் கோரைப்பல்லோடு, வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கிளம்பிக்கொண்டிருந்த பேருந்தில் தாவி ஏறினான். "காப்பாத்துங்க" என்றுதான் சொன்னான். பசை இருந்ததால் அது வேறு மாதிரி ஒலித்தது. கண்டக்டர் அவன் வாயைப் பார்த்தார். "பல் டாக்டர் அடுத்த ஸ்டாப்" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. அதன்பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வெறும் நாவல்தான் என்று தெரிந்தவர்களும் உட்காரவில்லை. முதலில் அத்தனை பெயரையும் ஆளாளுக்குக் காதில் வாங்கிக்கொண்டவர்களும் உட்காரவில்லை. மாமியார் நடிகையை மாஸ்டர் கெஞ்சியே கேட்டார்.

"கதைம்மா அது. கதைக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"கதைதான் மாஸ்டர், தெரியுது. ஆனா வாய் என்னோடதாச்சே" என்று அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் அன்றைய காட்சிகளைப் பல் இல்லாமலே எடுத்தார்கள். சாயங்காலம் டைரக்டர் ரைட்டரம்மாவைக் கூப்பிட்டார். திரையில் குடும்பம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"என்ன ரைட்டர் இது? பாத்தா சாதாரணக் குடும்பம் மாதிரி இருக்கு."

"ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்கிறாங்களே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர் திரையை நிறுத்தினார். "நீங்க நாவல் எழுதுங்க, காவியம் எழுதுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்த ஆளைக் கொலைகாரன் ஆக்கினதை நாளைக்குள்ள எடுத்துடுங்க. எடுத்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. இல்லேன்னா ரைட்டர், உங்களுக்கும் ஒரு ஜன்னல் இருக்கு."

அவள் வெளியே வந்தபோது மேக்கப் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் தன் சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தார். எதிரே டப்பாக்கள் எல்லாம் திறந்து கிடந்தன. பற்கள் மட்டும் இருந்தன. கேட்க ஆள் இல்லை. ஒரு நாள் முழுக்க எதையும் முன்கூட்டியே சொல்லாமல் இருந்ததில் முகம் வீங்கினாற்போல் இருந்தது.

"ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்கம்மா."

அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்படி ஆகும்னு தெரியும்" என்றார். குரலில் பழைய காரம் இல்லை. "தெரிஞ்சும் என்ன? வேற யாராவது கொலைகாரனா இருந்துட்டா நல்லா இருக்கும்."

"யாரைப் போடட்டும் மாஸ்டர்? நீங்களே சொல்லுங்க."

"யாரை வேணாப் போடும்மா. யாரைப் போட்டாலும் எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. யாருமில்லாத செட்டுக்குப் போய்ச் சவப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். தாள்கட்டைப் பிரித்து முதலிலிருந்து புரட்டினாள். கேமராமேன், மருமகள், தையற்காரி, இரட்டைச் சகோதரன், செத்தவன், பூனை, பல் மாஸ்டர். எல்லாரும் ஒருமுறை கொன்றுவிட்டு எல்லாரும் விடுதலையாகியிருந்தார்கள். இத்தனை பேர் மாறி மாறிக் கொன்றதில், நான்கு வருடத்துக்கு முன்னால் யார் எதற்காகக் கொன்றார் என்பதே அவளுக்கு மங்கிப் போயிருந்தது. கொலைகாரனாக ஒரு கதாபாத்திரம்கூட மிச்சமில்லை. பக்கத்து வீட்டு டாக்டர் ஒருவரைப் புதிதாக வரவழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சவப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

அவள் துள்ளி எழுந்தாள். மூடி திறந்தது. கதாநாயகன்.

"மன்னிச்சுக்கோங்க ரைட்டரம்மா, மூச்சு முட்டுது" என்றான் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "பேக்கப் சொல்லிட்டாங்களா?"

அவன் போன பிறகு அவள் மூடியை மூடி, அதன்மேல் தாள்கட்டை வைத்து, கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் பிரித்து எடுத்தாள். நாவலில் வரும் துப்பறிகிறவர் எல்லாரையும் செட்டுக்கு வரவழைத்து, சவப்பெட்டியைச் சுற்றி நிற்கவைத்து, "உங்களில் ஒருவர்..." என்று ஆரம்பிக்கிற இடத்தோடு அதற்கு முந்தைய அத்தியாயம் முடிகிறது. அவ்வளவுதான். மிச்சத்தைக் கிழித்தாள். அது மாஸ்டரைத் தோற்கடிக்கிற தந்திரமெல்லாம் இல்லை, களைப்பு. ஒரு கதைசொல்லிக்கு இதைவிட அவமானம் உண்டா என்று நினைத்துக்கொண்டேதான் வெள்ளிக்கிழமை காலை அதைப் பதிப்பாளர் மேசையில் வைத்தாள்.

பதிப்பாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"யார் கொன்னதுன்னு இல்லையே?"

"இல்ல சார். அவ்வளவுதான். உங்களுக்கு வேணாம்னா..."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "எழுதப்படாத கடைசி அத்தியாயம்!" என்றார். "வாசகனே எழுதிக்கணும்! நான் இதைச் சாதாரணக் கொலைக்கதைன்னு நெனைச்சு அட்டையில கத்தி போடச் சொல்லிட்டேனேம்மா. கத்தியை எடுத்துடறேன். வெறும் வெள்ளை அட்டை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இல்லாத முடிவை எவனாலயும் கசியவிட முடியாதுல்ல?"

துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்தால் அது இலக்கியமாகிவிடும் என்பது ரைட்டரம்மாவுக்கு அதுவரை தெரியாது. நாவல் வெளிவந்தது. ஒரு விமரிசகர், இந்நூலில் கொலை செய்தது மொழி என்று எழுதினார். இன்னொருவர், கொலையே நடக்கவில்லை என்று அவருக்குப் பதில் எழுதினார். இரண்டு பேரும் அப்புறம் பேசிக்கொள்ளவில்லை.

அதெல்லாம் வெளியுலகம். படப்பிடிப்புத் தளத்தில் கொலைகாரன் யாருமில்லை என்று ஆனதும் வாய்கள் திரும்பி வந்தன. மாமியார் நடிகை முதலில் வந்து உட்கார்ந்து, பசையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார். டப்பாக்கள் நிரம்பிக் காலியாயின. டைரக்டர் ஜன்னலைப் பற்றி மறுபடி பேசவில்லை. புது மாப்பிள்ளை மட்டும் திரும்பவில்லை. அவனுக்குப் பதில் வேறொரு பையன் வந்தான்.

மாஸ்டர் ஆளுக்கொரு பெயர் சொல்லிப் பார்த்தார். "லைட்மேன்தான்" என்பார். பல் இறுகியதும் அவர்கள், "புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் போடலியே மாஸ்டர்" என்பார்கள். "தையல்காரிதான்." "போடலியே." சரியென்றும் இல்லை, தப்பென்றும் இல்லை. இப்படி ஒரு தண்டனையை அவர் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. வேறு வழியில்லாமல், அந்த இனத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். இரண்டு நாள் விடுப்பு. யாரோடும் பேசவில்லையாம், அவர் மனைவி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டாளாம்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் ரைட்டரம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் புத்தகம், கடைசிப் பக்கத்தில் கட்டைவிரல்.

"யாரும்மா?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு கொன்னது? 'உங்களில் ஒருவர்'னு சொல்லிட்டு நின்னுடுச்சே. அப்புறம் யாரு?"

அவர் முகத்தில் எதுவுமே இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் அந்தப் பாதிச் சிரிப்பு இல்லை. தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொள்வது இல்லை. புருவம் மேலே போயிருந்தது. வாய் தானாகத் திறந்திருந்தது. ஆறு வருடமாக அந்த மனிதரின் வாய் பேச்சு வராமல் திறந்திருந்து அவள் பார்த்ததேயில்லை. உள்ளே வலதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாக இருந்தது. முடிவு தெரியாத ஒரு குழந்தையிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"தெரியல மாஸ்டர்."

"எழுதினது நீதானே?"

"நான்தான். எல்லாரையும் போட்டுப் பாத்தேன். சத்தியமா, யாருன்னு எனக்கே தெரியல."

அவர் அவளையே பார்த்தார். வாய் மெல்ல மூடியது. புருவம் இறங்கியது. தலை கொஞ்சம் கொஞ்சமாக ஒருபக்கம் சாய்ந்தது. புத்தகத்தை மூடி, தட்டி, அவள் பக்கத்தில் வைத்தார்.

"அப்படிச் சொல்லு" என்றார். "உனக்கே தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

மேக்கப் அறையை நோக்கி நடந்தார். நடையில் துள்ளல் வந்திருந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவர் குரலும், யாரோ 'உம்ம்' என்பதும் கேட்டன. ரைட்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. நடுவில் ஒரு கணம் அந்த வாய் திறந்திருந்ததே. நான்கு வருட உழைப்புக்கு அது போதும் என்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வாசகரே, உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். மைத்துனராக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம், இதைப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராகவே இருக்கலாம். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள், நம்புகிறோம். மாஸ்டர் கடைசியில் என்ன சொல்லப்போகிறார் என்பது மட்டும் அவர் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? பரவாயில்லை. பக்கத்தில் இருப்பவர் இன்னும் இதைப் படிக்கவில்லை. கேட்டால் கொடுங்கள், படிக்கட்டும். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சொல்லமாட்டீர்கள்தான். ஆனால் உங்கள் உதடு இப்போதே அசைகிறது.